மூணாவது கியரின் ஊளை

"பிரேக்கை மட்டும் பாருங்கண்ணே. கியர்பாக்ஸ்ல கை வைக்க வேணாம்."

சாவியைக் கொடுத்துவிட்டுச் சின்னவன் போய்விட்டான். மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பழைய பிக்கப் தெருவுக்குள் நுழைந்தாலே ஊளைதான். மூன்றாவது கியரில் நீளமாக ஓர் ஊளை. நியூட்ரலில் ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி. அப்புறம் இரண்டாவதில் விழும்போது 'கர்ர்ர்... டொக்'. உள்ளே பேரிங் தேய்ந்து வருஷக்கணக்காகிறது.

வண்டிக்காரனான அவன் அண்ணன் இருந்தவரை கெட்டி ஆயிலை ஊற்றி, கிளட்சை ரெண்டு தரம் மிதித்து, அழுகிற குழந்தையைப்போல் அதைத் தாஜா பண்ணி ஓட்டிக்கொண்டிருந்தான். போன மாதம் வெளியூரில் லோடு இறக்கும்போது மாரடைப்பு. உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராமல் ஆஸ்பத்திரியிலிருந்தே எடுத்துப்போய்க் காரியத்தை முடித்துவிட்டான் சின்னவன். தெரு அதை வாயில் போட்டு மென்றது.

"நல்ல தம்பி! அண்ணன் வண்டி வேணும், அதுக்கு ஒரு பேரிங் வாங்கிப் போட மனசு வரல," என்றாள் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. "வீட்டுல அப்பா படுத்த படுக்கையா கிடக்கார். தினம் இந்த ஊளையைக் கேட்டா மனுஷன் என்னத்துக்கு ஆவார்? எல்லாம் உங்க ரிப்பேர் லட்சணம்னு வேற பேசிக்கிறாங்க."

கடைசியில் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. கைராசிக்காரர் என்ற பெயரை வைத்துத்தான் மெக்கானிக்கின் பிழைப்பே ஓடுகிறது. தெருமுனையில் கடை, அதே தெருவில் ஊளை. இப்படியே விட்டால் எவன் வண்டி கொண்டுவருவான்?

கியர்பாக்ஸை இறக்கினார். கேட்காமலே பேரிங்கை மாற்றினார்.

சாயங்காலம் சின்னவன் வந்து வண்டியை நகர்த்தினான். நாலடி போனதும் நிறுத்திவிட்டான். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"சத்தம் எங்கண்ணே?"

"ஒழிச்சுக் கட்டிட்டேன். இனிமே பூ மாதிரி ஓடும் பாரு."

சின்னவன் கூலியைப் பெஞ்சில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். நன்றி கெட்ட ஜென்மம் என்று முணுமுணுத்துக்கொண்டே மெக்கானிக் ஸ்பானர்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

வண்டி பூனைபோலத் தெருவுக்குள் திரும்பியது. பாதித் தெரு போயிருக்கும், ஊளை கிளம்பியது.

நீளமாக. அப்புறம் அமைதி. அப்புறம் 'கர்ர்ர்... டொக்'.

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். வண்டிக்கடியில் படுத்து அவரே மாட்டிய புதுப் பேரிங். அது எப்படி ஊளையிடும்?

மறுநாள் காலையில் வண்டியை வாங்கி அவரே ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது, இரண்டாவது, மறுபடி மூன்றாவது. ஒரு முனகல்கூட இல்லை.

"நேத்து சத்தம் வந்துச்சேடா?"

"அப்படியாண்ணே? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

சின்னவனின் குரல் கட்டிப்போயிருந்தது. அண்ணன்காரன் பேசுவதுபோலவே கரகரத்தது.

அன்று சாயங்காலமும் ஊளை வந்தது. தையல்காரம்மா தைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள்.

"செத்தவன் இன்னும் வண்டியை விட்டு இறங்கல போலிருக்கு," என்று சொல்லி, கடை ஷட்டரை இழுத்து மூடினாள்.

மெக்கானிக்குக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று அவரும் சீக்கிரமே கடையை மூடினார். செத்தவனே வந்து ஊளையிட்டாலும் கெடப்போவது இவர் பேர்தான். அதை நினைத்ததும் பயத்தைவிட ரோஷம் பெரிதாகிவிட்டது.

அடுத்த நாள் சின்னவன் டீ குடிக்க வண்டியை நிறுத்திய நேரத்தில், பின்னால் ஏறித் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பித் தெருவுக்குள் திரும்பியது. பாதித் தெரு போனதும் ஊளை ஆரம்பித்தது.

மெக்கானிக் உள்ளங்கையைத் தரையில் பதித்துப் பார்த்தார். கியர்பாக்ஸ் ஊளையிட்டால் தகரம் அதிர வேண்டும். துளி அதிர்வு இல்லை. சத்தம் கீழேயிருந்து வரவே இல்லை. முன்னால், ஆள் உட்காரும் இடத்திலிருந்து வந்தது.

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தார்ப்பாயை விலக்கிக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் யாருமில்லை. உள்கண்ணாடியில் சின்னவனின் முகம் தெரிந்தது. வாய் குவிந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

ஊளை அவன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கொஞ்சம் நிறுத்தினான். தொண்டையை உருட்டி 'கர்ர்ர்' என்றான். நாக்கைத் தட்டி 'டொக்' என்றான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான்.

மெக்கானிக் குதித்து இறங்கினார்.

"டேய், உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? என் பொழைப்புல மண்ணைப் போடறியே..."

சின்னவன் பாய்ந்துவந்து அவர் வாயைப் பொத்தினான். திறந்திருந்த ஜன்னலை நோக்கிக் கண்ணைக் காட்டினான்.

உள்ளே கட்டிலிலிருந்து குழறிக் குழறி ஒரு குரல் வந்தது.

"மூத்தவன் வண்டி வந்துடுச்சும்மா. அலுத்து வந்திருப்பான், என்னை வந்து பாக்கணும்னு இல்ல. நேரா படுக்கட்டும். வந்து சேந்துட்டான்னு தெரிஞ்சுதுல்ல, இப்ப எனக்குச் சாப்பாடு போடு."

தட்டு வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆமா மாமா, உங்க பிள்ளை வந்துட்டார், கை கழுவிக்கிட்டு இருக்கார். நீங்க வாயைத் திறங்க," என்றாள், செத்துப்போனவனின் மனைவி.