கரைக் கம்பம் கேட்ட கேள்வி

கடலை மூடுவதா வேண்டாமா என்று கரையில் நிற்கும் பேசும் விளக்குக் கம்பம் தானாக முடிவெடுக்காது. ஊர் சொல்வதைத்தான் கேட்கும். ஆண்டுக்கு ஒரு வாரம், வீட்டுக்கு ஒருவரிடம் "மீன்பாடு எப்படி?" என்று விசாரிக்கும். பாதி வீடுகளுக்கு மேல் மீன் இல்லை என்று சொன்னால், மீன் பெருகட்டும் என்று மூன்று மாதத்துக்கு ஒரு வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது.

கடைசி நாள் மாலை கம்பத்தில் கடலை மூடும் சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு ரெஜினாள் திகைத்தாள். அவள் வீட்டு வள்ளத்தில் அன்று மூன்று கூடை சாளை மீன் வந்திருந்தது. மற்ற வள்ளங்களிலும் அப்படித்தான்.

"நீங்க கம்பத்துக்கிட்ட என்ன சொன்னீய?" என்று கணவன் தொம்மையிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்லன்னுதான். மீன்பாட்டை எவனாவது வெளிய சொல்லுவானா? கண்ணு பட்டுரும்லா!"

ஊரே அதைத்தான் சொல்லியிருந்தது.

ரெஜினாள் விறுவிறுவென்று கம்பத்தின் முன் போய் நின்றாள். "எங்க வீட்டுப் பதிலை மாத்து. மூணு கூடை சாளை! கண்ணு வைக்கிறவ வச்சுக்கிடட்டும்!" என்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். தொம்மை தலையில் கைவைத்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்து வீட்டுப் பிரகாசிக்குப் பொறுக்கவில்லை. "எங்களுக்கு நாலு!" என்று ஓடிவந்தாள். அவள் பின்னால் ஊரே வந்தது. பொழுது அடைவதற்குள் கம்பம் பச்சையானது.

மறுநாள் காலை, நிறைந்த கூடையோடு சந்தைக்குப் போன ரெஜினாளைப் பார்த்து, "பாடு எப்படி மதினி?" என்றாள் பிரகாசி.

கம்பம் இனி அடுத்த வருடம்தான் கேட்கும்.

"ஒண்ணுமில்ல மதினி," என்றாள் ரெஜினாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே சீராக வந்தது.