டீசல் வேன்தான் வேண்டும்

"என் வீட்டுக்காரருக்குப் பழைய டீசல் வேனையே திருப்பிக் குடுத்துடுங்க, அபூ யஸன்" என்றாள் ஓட்டுநரின் மனைவி சுஹைலா.

அம்மான் நகரச் சரக்கு விநியோக நிறுவனத்தின் மேலாளர் அபூ யஸன் சந்தேகத்தோடு பார்த்தார். டீசல் புகை கேட்டு இதுவரை எந்த மனைவியும் வந்ததில்லை.

"மின்சார வேன்ல புகை இல்ல, சத்தம் இல்ல. என்ன குறைச்சல் தங்கச்சி?"

"சத்தம் இல்லாததுதான் குறைச்சல். பழைய வேன் மலையடியில உறுமுறப்பவே அவர் சாப்பிட வர்றது தெரியும். இப்ப பூனையாட்டம் வந்து நிக்கிறார்."

"நின்னா என்ன? வீட்ல வேற யாரு இருக்கா?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "மத்தியானம் பைக்ல ஒருத்தன் வருவான். அவன் வந்துட்டுப் போக எனக்குப் பத்து நிமிஷமாவது வேணும்."

"அஸ்தஃபிருல்லா!" அபூ யஸன் எழுந்தேவிட்டார்.

"உட்காருங்க. ஹோட்டல் சாப்பாடு கொண்டு வர்றவன். என் கைப்பக்குவம்னு ஊரெல்லாம் அவர் பீத்திக்கிற மன்சஃப், மக்லூபா எல்லாம் அங்கேருந்துதான். என் சட்டிக்கு மாத்திட்டு, டப்பாவை மறைக்கணுமில்ல? தெரிஞ்சா எங்கம்மா வீட்டுக்கே அனுப்பிடுவார்."

அபூ யஸனுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. சுஹைலா வீட்டில் விருந்து சாப்பிட்ட மறுநாளே, போய்க் கற்றுக்கொண்டு வா என்று தன் மனைவியை அனுப்பியவர் அவர். அன்றிலிருந்து அவர் வீட்டிலும் அச்சு அசலாய் அதே ருசி.

"என் மனைவிக்கு நீதானே சொல்லிக் குடுத்தே?"

"ஆமா" என்றாள் சுஹைலா. "ஹோட்டல் நம்பரை."