வேலிக்கு அந்தப் பக்கம்

ட்ரூடி கொண்டுபோன வாழைப்பழ கேக்கை வாங்கிக்கொண்டுதான் ஆர்வில் ட்ரேகர் “முடியாது” என்றார்.

“என் நிலத்துல துப்பாக்கி வெடிக்காதும்மா. யார் வந்து கேட்டாலும் இதே பதில்தான்.”

மான் வேட்டைக்கு அனுமதி கேட்கப் போகிறவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று புருஷன் டேரல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போகாதே. வேட்டை உடுப்பில் போய் நிற்காதே. சாப்பாட்டு வேளையில் கதவைத் தட்டாதே. அத்தனையும் தவறாமல் செய்தாள். இருந்தும் இது மூன்றாவது ‘முடியாது’. முதல் பண்ணைக்காரர் தன் காட்டை மில்வாக்கி நகரத்து ஆட்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். இரண்டாவது வீட்டில், மருமகன்களுக்கே இடம் பத்தவில்லை என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள்.

வருஷா வருஷம் டேரல்தான் மான் அடித்து வருவான். ஒரு பெரிய மான் விழுந்தால் வீட்டில் நாலு பேருக்கு வசந்தம் வரைக்கும் இறைச்சிக் கவலை இல்லை. ஆகஸ்டில் மரம் வெட்டும் வேலையில் ஒரு அடிமரம் உருண்டு அவன் இடுப்பில் விழுந்தது. அன்று படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஃப்ரீஸரில் பட்டாணிப் பொட்டலங்கள் மட்டும் கிடந்தன.

ட்ரூடிக்குச் சுடத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவோடு போய்ப் பழகியவள். லைசென்ஸும் எடுத்தாயிற்று. மானுக்குக் காத்து உட்கார ஒரு இடம்தான் இல்லை.

இதையெல்லாம் ஒளிக்காமல் ட்ரேகரிடம் சொன்னாள். அவர் கதவு நிலையைப் பிடித்தபடி முழுக்கக் கேட்டார்.

“அப்ப எங்க போய் உக்காரப் போற?”

“உங்க கிழக்கு வேலிக்கு அந்தாண்ட, ஓடைக்கிட்ட. அரசாங்கக் காட்டுல.”

“அங்க ஏது மான்? ஊரே மிதிச்ச இடம். எல்லாம் என் பக்கமா வந்து ஒதுங்கிடுச்சு.”

“தெரியும் ஐயா. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”

“முடியாதும்மா.”

கதவு சாத்திக்கொண்டது. கேக் உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது டேரலுக்கு மறுப்பைவிட கேக் விஷயம்தான் பொறுக்கவில்லை. அந்தக் கிழவன் மனுஷனே இல்லை, பாறாங்கல் என்றான். சாகும்போது மான்களையும் கூடவே பெட்டியில் வைத்து எடுத்துப் போகப் போகிறானா என்று கேட்டான். ட்ரூடியும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை மான் வேட்டை சீசன் திறந்தது. விடியுமுன் போய் ஓடைக்கரை ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால் விரல்கள் மரத்துப்போயின. அணில்கள் வந்தன. வேறு இரண்டு வேட்டைக்காரர்கள் பேசிக்கொண்டே கடந்து போனார்கள். மான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான்.

திங்கட்கிழமைக்கு மட்டும் லீவு போட்டிருந்தாள். செவ்வாய் காலை வேலைக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் திங்களன்று மூச்சுக்கூட மெதுவாகத்தான் விட்டாள்.

எட்டு மணி வாக்கில் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

டங். டங். டங்.

ட்ரேகரின் காட்டுக்குள் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். இடையிடையே ஒரு கரகரத்த குரல் ‘ஹோய், ஹோய்’ என்று கூப்பாடு வேறு போட்டது. யாருடைய குரல் என்று ட்ரூடிக்குச் சந்தேகமே வரவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தன் இடத்தைத்தான் தரவில்லை. ஊருக்குப் பொதுவான இடத்திலாவது உட்கார விடக்கூடாதா? வைக்கோல்போர் நாய்கூட தன் போரில்தான் படுத்துக்கொண்டு குரைக்கும். வேட்டையைக் கெடுப்பது சட்டப்படி குற்றம். வேலியோரம் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று எழுந்தாள்.

எழுந்தவள் அப்படியே நின்றாள்.

புதர் நொறுங்கியது. பெண்மான் ஒன்று வேலியைத் தாண்டிக் குதித்தது. பின்னாலேயே இன்னொன்று. அதற்கும் பின்னால் எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான். மூன்றும் அவளைக் கடந்து ஓடையில் இறங்கின.

வேலிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். எதிரே வெறும் மேடுதான், ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு கலைமானைக் குறிவைத்தாள். ஒரே குண்டு. அக்கரையில் ஏறிய மான் பத்தடி ஓடி விழுந்தது.

துப்பாக்கியிலிருந்து வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளினாள். அதற்குள் அந்த டங் டங்கும் நின்றுவிட்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். வேலியோரம் ட்ரேகர் வந்துகொண்டிருந்தார். உடம்பில், வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டுவிடாமல் இருக்கப் போடுகிற பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை. ஒரு காலைத் தாங்கித் தாங்கி, முழங்கால் அளவு பனியில் நடந்து வந்தார். ஒரு கையில் வாணலி, மறு கையில் கரண்டி.

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“நல்லது. ரெண்டு நாளா ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வெறுங்கையோட போய்க்கிட்டிருந்த.”

ட்ரூடி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலிக்கருகே போனாள்.

“இவ்வளவு சிரமப்படறதுக்கு, என்னை உள்ளயே விட்டிருக்கலாமே ஐயா.”

ட்ரேகர் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“என் பொண்டாட்டி ஏக்னஸுக்குத் துப்பாக்கிச் சத்தமே ஆகாது. நம்ம நிலத்துல அது வெடிக்கவே கூடாதுன்னு கண்ணை மூடறப்போ சத்தியம் வாங்கிட்டா. அதை மீற முடியாதும்மா.”

பிறகு வாணலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினார்.

“சட்டி தட்டக்கூடாதுன்னு அவ சொல்லல.”