பீப் சத்தத்துக்குப் பிறகு

மேனேஜர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, டெஸ்பாட்ச் கிளார்க் ரிசீவரை எடுத்தார்.

நேரில் லீவு கேட்க அவருக்கு வாய் வராது. ஒன்பது வருடமாக வரவில்லை. அறைக் கதவு வரை போவார். மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

நேற்றுதான் ஆபீசுக்குப் புது போன் வந்திருந்தது. மேசைக்கு மேசை நேரடி நம்பர், நம்பருக்கு நம்பர் ஒரு வாய்ஸ் மெயில் பெட்டி. ஆள் இல்லாவிட்டால் பீப் என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகு பேசுவதெல்லாம் பெட்டியில் பதிவாகும். மாட்ட வந்த டெக்னீஷியன் அரை மணி நேரம் விளக்கினார். கிளார்க்கின் காதில் ஏறியது ஒன்றுதான்: எதிரில் மேனேஜர் இருக்கத் தேவையில்லை.

நாளை விடிந்தால் பஸ். கடலைக் காட்டுகிறேன், கடலைக் காட்டுகிறேன் என்று கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்குக் காது குத்திக்கொண்டிருந்தார். இந்த முறை அவளே டிக்கெட் எடுத்துவிட்டாள். இன்றைக்கு லீவு வாங்காவிட்டால் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். இவர் வீட்டிலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமாம்.

பீப்.

முதல் தடவை ஹலோ என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டார்.

இரண்டாம் தடவை பெயரைச் சொன்னார், பிரிவைச் சொன்னார், விஷயத்தைச் சொல்லாமல் வைத்துவிட்டார். ஐந்தாவதில் சார் மட்டும் ஒன்பது வந்தது. ஏழாவதில் அழுகை முட்டியது.

எட்டாவதில் என்ன புகுந்ததோ தெரியவில்லை. மாடு மாதிரி உழைக்கிறேன், என் பெண்டாட்டி கடலைக் காலண்டர் படத்தில்தான் பார்த்திருக்கிறாள், நான் லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்கிறேன், முடிந்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொரிந்து தள்ளிவிட்டு ரிசீவரை டமாலென்று வைத்தார்.

பிறகுதான் என்ன பேசினோம் என்று உறைத்தது. நல்லவேளை, ரிசீவரை வைத்துவிட்டால் பேசியது அழிந்து போயிற்று என்று மூச்சு விட்டார். அவர் பழகிய பழைய போனில் அப்படித்தான்.

பதினோராவது கச்சிதமாக வந்தது. பணிவு, காரணம், மூன்று நாள், நன்றி. இதை எப்படி அனுப்புவது என்று டெக்னீஷியன் கொடுத்த சீட்டை அப்போதுதான் எடுத்துப் பார்த்தார்.

ரிசீவரை வைத்தாலே செய்தி போய்ச் சேர்ந்துவிடும் என்றிருந்தது. வைத்துவிட்டு அடுத்த வரியைப் படித்தார். அழிக்க வேண்டுமானால், வைப்பதற்கு முன் மூன்றை அழுத்த வேண்டுமாம்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மேனேஜரின் போனில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 11.

தன் மேசையிலிருந்தே அந்தப் பெட்டிக்குள் புகுந்து அழிக்கப் பார்த்தார். பின் நம்பர் கேட்டது. ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று போட்டார். தவறு என்றது ஒரு பெண் குரல். மேனேஜரின் கார் நம்பரைப் போட்டார். இன்னொரு தடவை தவறினால் பெட்டி பூட்டிக்கொள்ளும் என்று அதே குரல் மரியாதையாகச் சொன்னது.

மேனேஜர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து ரிசீவரைக் காதில் வைத்தார்.

கிளார்க் விரல் விட்டு எண்ணினார். ஐந்தில் மேனேஜர் முகத்தைச் சுளித்தார். ஏழில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எட்டில் எழுந்தே நின்றுவிட்டார். ஏதோ பட்டனை அழுத்தி, நின்றபடியே இன்னொரு தடவை கேட்டார்.

பிறகு விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

கடலும் போயிற்று, வேலையும் போயிற்று என்று கிளார்க் உள்ளே போனார்.

மேனேஜர் லீவு படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தது. மூன்று நாள் கேட்டதற்கு நான்கு நாள். கிளார்க்குக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மேனேஜரின் மனது மாறுவதற்குள் வெளியே போய்விடலாம் என்று திரும்பினார்.

மேனேஜர் அவரை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அந்த எட்டாவதை மட்டும் அப்படியே ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. முதலாளி நாலு மணிக்கு வெளிய கிளம்புறாரு. பதினாலு வருஷமா நானும் அவர் ரூம் கதவு வரைக்கும்தான் போயிட்டு வரேன்.”