பன்னிரண்டு ஞாயிறுகள்

"மேடம், உங்க லைப்ரரி உங்க அக்கா குடும்பத்தையே அழிச்சிடும் போலிருக்கே!" என்று சிரித்தான் டெஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தில் அவர்கள் இருவர் மட்டும்தான். அவள் எட்டு மாதமாக உருவாக்கிய மென்பொருள் லைப்ரரி, மறுநாள் காலை வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டும். எந்த மொபைல் ஆப்பிலும் பொருத்திக்கொள்ளலாம். படங்களை வெளியே அனுப்பாமல் போனுக்குள்ளேயே அலசி, ஒரே படத்தின் நகல்களைப் பிடித்துக் கொடுக்கும்.

சோதனைக்குத் தன் போனில் இருந்த படங்களையே கொடுத்திருந்தாள். அவற்றில் அக்கா ஞாயிறுதோறும் அனுப்பிய பன்னிரண்டும் இருந்தன. சாப்பாட்டு மேசையைச் சுற்றி அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள்.

"பன்னிரண்டும் ஒரே படமாம். பதினொண்ணை அழிச்சிடவான்னு கேக்குது."

"அதே மேசை, அதே நாலு பேரு. குழம்பிப் போச்சு."

"வாடிக்கையாளர் ஆல்பத்துல இப்படிக் குழம்பினா, நாம ரெண்டு பேரும் வேற வேலை தேட வேண்டியதுதான்."

போன் அடித்தது. அக்கா.

"குட்டி, படம் பாத்தியா? இன்னிக்கு வீட்ல ஒரே கும்மாளம்!"

"பாத்தேன்க்கா."

பொய். எப்போதும் ஒரு இதயக் குறியைத் தட்டிவிட்டு மூடிவிடுவாள். அந்த நாலு தட்டுகளைப் பார்த்த பிறகு, வீட்டில் தன் ஒற்றைத் தட்டைக் கழுவ மனசு வராது.

"மாமாகிட்ட குடேன், பேசி எவ்வளவு நாளாச்சு."

"இப்பதான்டி படுத்தாரு."

"பிள்ளைங்க?"

"வெளிய விளையாடுதுங்க. நீ சாப்பிட்டியா?"

"ஃப்ரெண்ட்ஸோட வெளிய வந்திருக்கேன். இங்க ஒரே கூட்டம்," என்றாள், காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே.

"ஒருநாள் வந்துட்டுப் போயேன்டி."

"உங்க கும்மாளத்துக்கு நடுவுல நான் எதுக்குக்கா? வேலை முடியட்டும், பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு, பன்னிரண்டு படங்களையும் திரையில் வரிசையாகப் பரப்பினாள். ஒன்று மஞ்சள் பூத்திருந்தது, ஒன்று கறுப்பு வெள்ளை. ஒரு வாரம் மாமா இடப்பக்கம், மறுவாரம் வலப்பக்கம்.

"அக்கா வீட்ல எல்லாருக்கும் இடது கைப் பழக்கமா மேடம்?"

"யாருக்குமே இல்லையே. ஏன்?"

"இந்த ஆறு படத்துல நாலு பேருமே ஸ்பூனை இடது கையிலதான் பிடிச்சிருக்காங்க."

அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். சின்னவன் தட்டிவிட்ட தண்ணீர் டம்ளர் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டிருந்தது. விளிம்பில் ஒரு துளி, விழப்போகிற நிலையில். அடுத்த படத்தில், கண்ணாடியில் தெரிவதுபோல் பக்கம் மட்டும் மாறி, அதே டம்ளர், அதே துளி. அதற்கடுத்ததிலும்.

பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து முடித்தாள்.

"என்ன மேடம், பிழையைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"பிழையே இல்லைன்னு எழுதிடுங்க. நாளைக்குக் கொடுத்திடலாம்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபடியே அக்காவை அழைத்தாள்.

"அக்கா, நான் இப்பவே கிளம்பி வர்றேன். சாப்பாட்டுக்கு ரெண்டே ரெண்டு தட்டு எடுத்து வை, போதும்."

'நாங்களே நாலு பேராச்சேடி' என்று அக்கா கடைசிவரை சொல்லவில்லை.