தென்னைமரம் போட்ட யுகுலேலே

துணியைப் பிரித்ததுமே அப்துல் லத்தீப்புக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் உடனே சொல்ல மனம் வரவில்லை.

எதிரே, நாற்காலியின் நுனியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். ரீனா என்று பெயர் சொன்னாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சின்னச் சிலுவையை விரல்களுக்குள் பொத்தியபடி வேண்டிக்கொண்டிருந்தாள்.

வேண்டிக்கொள்கிறவர்களிடம் விலை சொல்வதுதான் லத்தீப்புக்குப் பிடிக்காத வேலை.

பேகம்பூரில் இருக்கும் அவர் கடைக்குப் பெரும்பாலும் ஆர்மோனியமும் கிதாரும்தான் ரிப்பேருக்கு வரும். ஆனால் அவர் கொடைக்கானலில் பதினாறு வருஷம் வெள்ளைக்காரர்களின் வாத்தியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். பழைய யுகுலேலே என்றால் மதுரையிலிருந்துகூட அவரைத் தேடி வருவார்கள். நாலே நாலு கம்பி, கைக்குழந்தை அளவு, கிதாருக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ஒன்றுக்கு லத்தீப் ஒன்றேகால் லட்சம் சொன்னார். அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் லட்சக் கனவு.

போன மாதம் வந்த ஒரு பெரியவர், லத்தீப் "எழுநூறு" என்று சொன்னதும் இதே நாற்காலியில் அரை மணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

லத்தீப் ஒரு டம்ளர் தண்ணீரை ரீனாவின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அறுபது வருஷத்துப் பொருள்னு சொல்றாங்க. நெசமா பாய்?" என்று கேட்டாள் ரீனா.

"பழசுதாம்மா. அதுல சந்தேகமே இல்ல."

அவள் சிலுவையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பல் டாக்டர் வாய்க்குள் விடுகிற மாதிரியான குட்டிக் கண்ணாடியை நடு ஓட்டைக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். நல்ல யுகுலேலேயாக இருந்தால் உள்ளே செய்தவன் பெயரைச் சூடு போட்டிருப்பான், அல்லது ஒரு சீட்டாவது ஒட்டியிருப்பான். இதில் தூசியும் ஒரு செத்த பல்லியும்தான் இருந்தன.

"கம்பெனிப் பேரு இல்லம்மா," என்றார் மெதுவாக.

ரீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உயர்ந்த ஜாதி யுகுலேலேயை ஹவாய்த் தீவில் கோவா என்கிற மரத்தில் இழைப்பார்கள். நம் ஆட்கள் டூர் போகிற கோவா அல்ல, அது ஒரு மரத்தின் பெயர். லத்தீப் ஓட்டையின் விளிம்பை நகத்தால் வருடினார். அடுக்கடுக்காகத் தெரிந்தது. வெறும் பிளைவுட்.

ஓரத்தில் ஓடிய கயிறு மாதிரியான கோலம் மரத்தில் பதித்ததல்ல, பெயின்ட். முகப்பில் இருந்த தென்னைமரமும் நிலாவும் அச்சு வைத்து அடித்தவை. கம்பிகளைக் கட்டுகிற பாலம் பிளாஸ்டிக்.

ஒவ்வொன்றாக, முடிந்த அளவு இதமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கன்னம் துடித்தது. அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தார்.

அந்த முகத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு பொய் வந்துவிட்டது.

"அஞ்சாயிரம் தேறும்மா. வேற யாரும் எடுக்கலேன்னா நானே எடுத்துக்கிறேன்."

ரீனாவின் தோள்கள் தொய்ந்தன. கண் நிறைந்து ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது.

"அம்புட்டா போகும்? இன்னொருக்கா நல்லாப் பாருங்க பாய். கொறைய வாய்ப்பே இல்லையா?"

நாற்பது வருஷத் தொழிலில் அவரிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

லத்தீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவளைப் பார்த்தார். யுகுலேலேயைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"எண்ணூறும்மா. அதுக்கு மேல ஒரு பய தர மாட்டான். நீ கலங்கி உட்கார்ந்திருக்கியேன்னு கூட்டிச் சொல்லிட்டேன்."

நாற்காலி பின்னால் சரிந்து விழ, அவள் துள்ளி எழுந்தாள். அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

"எழுதிக் குடுங்க பாய். எண்ணூறுன்னு எழுத்துலயும் நம்பர்லயும். கடை சீலும் வேணும்."

பைத்தியமோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் எழுதினார். சீல் மங்கலாக விழ, அவள் கேட்டபடி இன்னொன்றும் குத்திக் கொடுத்தார்.

சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ரீனா வாசலுக்கு ஓடினாள். லத்தீப்பும் பின்னாலேயே போனார்.

எதிர்ச் சாரியில் ஒரு மஞ்சள் வேன் நின்றிருந்தது. ஜன்னலுக்கு நாலு முகம். எல்லாம் ஆறு வயது, ஏழு வயது. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. அத்தனை கண்ணும் ரீனாவின் மேல் இருந்தது.

"எண்ணூறு ரூவாதான்!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள் ரீனா.

வேன் குலுங்கியது. உள்ளே எழுந்த கூச்சலில், பக்கத்துப் பிரியாணிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு வெளியே வந்து பார்த்தார்கள்.

"யாரும்மா இவங்கெல்லாம்?"

"என் கிளாஸ் பிள்ளைங்க பாய்," என்றாள், மூச்சு வாங்க. "வெல ஒசந்ததுன்னு யாரோ சொல்லப்போய், பதினோரு வருஷமா ஸ்கூல்ல இதைக் கண்ணாடி பீரோவுல வச்சுப் பூட்டியிருக்காங்க. ஆயிரத்துக்குக் கீழ போனாத்தான் பிள்ளைங்க தொடலாம்னு எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் சொல்லிட்டாங்க."