நாலு கிராம்

"டன்னுக்கு மூணு கிராம் தங்கமாவது இருந்தாத்தான் தோண்டுறது கட்டுப்படியாகும். கிழக்குச் சுரங்கத்துல ரெண்டுதான் இருக்கு. எதுக்கு நாலுன்னு எழுதினீங்க?" என்றார், போன வாரம் பொறுப்பேற்ற மேலாளர்.

வெட்டியெடுத்த பாறையில் எவ்வளவு தங்கம் என்று சோதித்து எழுதும் பரிசோதகர் தலைகுனிந்து நின்றார். முப்பது வருஷத்தில் ஒரு புள்ளிகூடக் கூட்டி எழுதியவரில்லை.

"யார்கிட்ட கை நீட்டினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார்."

"சரி, நாளைக்கே அந்தச் சுரங்கத்தை மூடச் சொல்றேன்."

அதுவரை கல்லாக நின்றவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரம் பொறுங்க சார். இன்னும் பத்தடிதான்."

"பத்தடியில என்ன, தங்கம் கொட்டியா கிடக்கு?"

"போன மாசம் பாறை சரிஞ்ச இடம் சார் அது. மூணு நாள் தேடிட்டு விட்டுட்டாங்க. அன்னைக்கு உள்ள போன என் மூத்தவன் இன்னும் வெளிய வரல."